உனக்கொரு வேப்பங்கதவு

வேப்பந்தூள் தொண்டைக்குள் போய்விட்டது. தேத்தண்ணி குடித்தும் கைப்பு போகவில்லை. உன் காணியில், உன் கொட்டகையில், உன் வாளால் பழைய கதவு ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால், "வாயை மூடிக்கொண்டு அறுக்கத் தெரியாதோடி?" என்று கேட்டிருப்பாய். மூடத்தான் பார்க்கிறேன். உன்னோடு கதைத்தே பழகிய வாய், சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

என் மகன் காய்ச்சலில் போனபின் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்து படித்த நீ மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. "எழும்படி. எனக்கு ஆணி பிடுங்க ஆள் வேணும்" என்றாய். கோபத்தில்தான் எழுந்து வந்தேன்.

கீரிமலைப் பக்கம் ஆமி பிடித்து வைத்திருந்த உங்கள் காணியை அப்போதுதான் விட்டிருந்தார்கள். இடம்பெயர்ந்தபோது நீங்கள் பூட்டிவிட்டுப் போன வீட்டில் கூரையும் இல்லை, பூட்டிய கதவும் இல்லை. இடிந்த சுவர்களுக்கு அடியில் கூரைப் பனஞ்சலாகைகளும் வேப்பமர உத்தரங்களும் கிடந்தன. அவற்றை இழுத்தெடுத்து ஆணி பிடுங்கிச் சீவ வேண்டும். துருப்பிடித்த ஆணியொன்று வர மறுத்தது. அதற்காக அழத் தொடங்கியவள் மத்தியானம் வரை அழுதேன். நீ சீவுளியை நிறுத்தவேயில்லை. "அழு. ஆனா மரத்தைப் பிளந்து போடாதை" என்றாய். மகன் போனபின் எனக்கு அன்றுதான் பசித்தது.

பிறகு முக்காலி, தேங்காய் துருவும் திருவலை, சாமி மாடம் என்று செய்யத் தொடங்கினோம். "ரெண்டு பொம்பிளையளும் மரக்காலை போட்டு மரம் விக்கப் போகினமோ?" என்று ஊர் சிரித்தது. "ஓம், உங்களுக்கும் வேலை தருவம்" என்று நீ சொன்னதும் சிரிப்பு நின்றது.

உனக்கென்று ஒற்றை அறை எழுப்பினாய். நிலையும் வைத்தாய். கதவுக்குப் பதிலாகச் சாக்குத்தான் தொங்கியது. "கதவு போட்டாத்தானடி வீடு. அதுவரைக்கும் இது கொட்டில்." அப்பா கட்டிய வீட்டு உத்தரங்களில் நல்லவற்றை அதற்கென்று கொட்டகைக்குப் பின்னால் அடுக்கி வைத்தாய். அதில் ஒரு துண்டு கூட எவருக்கும் கொடுக்கவில்லை. நோய் முற்றி, கை வாளைப் பிடிக்க முடியாமல் போனபோது, "கதவை நீ போட்டு விடு" என்றாய். ஓம் என்றேன்.

உன்னைக் கொண்டுபோன அன்று, பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். சுடலைக்கு ஆண்கள்தானே போவார்கள். திரும்பி வந்து முழுகியபின், உன் தம்பி தலையைத் துடைத்தபடி என்னிடம் வந்தான். என்னைத் தேற்றத்தான் வந்தான்.

"நல்லாக் காய்ஞ்ச விறகு, அக்கா. கெதியா எரிஞ்சிட்டுது. கொட்டகைக்குப் பின்னாலை அடுக்கிக் கிடந்ததைத்தான் லாண்ட்மாஸ்டர் வண்டியிலை ஏத்திக்கொண்டு போனனாங்கள்."

அது விறகல்ல என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அன்று காலைதான் கொழும்பிலிருந்து வந்தவன். "ஓம் தம்பி" என்றேன். உன் கதவு உன்னோடேயே போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேனோ என்று பயம்தான் வந்தது. இந்த முறை எழுப்பிவிட நீயும் இல்லை.

நான் வேறு மரம் தேடிப் போகவில்லை. என் வீட்டிலேயே ஒரு வேப்பங்கதவு இருந்தது. மகனின் அறைக் கதவு. அவன் போனதிலிருந்து சாத்தியே கிடந்தது. அதைத் திறக்க எனக்குத் துணிவு வந்ததில்லை, கழற்றத்தான் வந்தது. பிணைச்சல்களை நானே கழற்றினேன். உன் தம்பிதான் தூக்கி வந்து தந்தான்.

"அப்ப அந்த அறைக்குக் கதவு, அக்கா?"

"அது அப்பிடியே கிடக்கட்டும்."

உன் நிலைக்கு இந்தக் கதவு கொஞ்சம் அகலம். ஓரத்தை அறுத்துச் சீவினால் சரி. நாளைக்கு மாட்டிவிடுவேன்.

இப்போது என் அடுப்படியில் நின்று திரும்பினால் மகனின் கட்டில் தெரிகிறது. நேற்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் சோறு அடிப்பிடித்துவிட்டது. பழகிவிட்டது என்று உனக்குச் சொல்ல ஆசைதான். பழகவில்லை. ஆனால் போய்ப் படுக்கவில்லையடி. தீய்ந்ததைச் சுரண்டிக் கொட்டிவிட்டு, திரும்பவும் அரிசி களைந்து போட்டேன்.