கஸ்தூரி அக்காவின் சாம்பல் பூனை

அன்புள்ள கஸ்தூரி அக்கா,

"என்ன தங்கச்சி, லெட்டரெல்லாம் எழுதிகினு இருக்கிற? செவுத்தாண்ட வந்து ஒரு கொரல் குடுத்தா ஆவாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டு தொங்குகிறது. உங்கள் வீட்டு அண்ணன் போன மாதம் நிலக்கரி மைன்ஸிலிருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டார். உங்கள் மகன் வந்து சென்னைக்கு அழைத்துப்போனான். ஆமாம், ஆறு வருஷமாக வாசலை மிதிக்காத அதே மகன்தான். உங்கள் காரியத்துக்கு வந்தவன் அப்பாவைத் தனியாக விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

முதலில் நீங்கள் கேட்கப்போவது பர்மியைத்தான். நன்றாக இருக்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள். உங்கள் பூனை என் மடியில் படுத்திருக்கிறது என்று யாராவது ஏப்ரல் மாதத்தில் சொல்லியிருந்தால் நான் அவரை அடித்தே விரட்டியிருப்பேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்களை நான் திட்டியது நாலு வீட்டுக்குக் கேட்டது. மன்னிப்பை மட்டும் மனசுக்குள் முணுமுணுத்தால் அது என்ன நியாயம்? அதனால் தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரண்டு வீடும் ஒட்டின வீடுகள். நடுவில் இடுப்புயரச் சுவர். பதினாலு வருஷம் அந்தச் சுவரில் வைத்துத்தான் முருங்கைக்கீரை, முந்திரிப்பழம், அரைத்த மாவு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் கைமாறின. நீங்கள் குள்ளஞ்சாவடிப் பக்கம், நான் தென்காசி. என் பேச்சை நீங்கள் கிண்டல் செய்வீர்கள், உங்கள் 'வூட்டை' நான் கிண்டல் செய்வேன். சண்டை என்று ஒன்று நமக்குள் வந்ததே இல்லை, அந்தக் குருவிக்கூடு வரும்வரை.

பர்மி வந்தது ஒரு ஐப்பசி மழையில். பாலைக் குடித்துவிட்டு ஓடிப்போய், மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்ற சாம்பல் நிறக் குட்டி. "காண்ட்ராக்ட்ல வந்திருக்கு, வேல முடிஞ்சா பூடும்" என்றார் அண்ணன். பத்தாம் நாள் அவருடைய மைன்ஸ் ஹெல்மெட்டுக்குள் சுருண்டு படுத்துத் தூங்கியது. "யோவ், பர்மனென்ட் ஆயிடுச்சுய்யா" என்று நீங்கள் தெருவே கேட்கச் சிரித்தீர்கள். அப்படித்தான் அவளுக்குப் பர்மனென்ட் என்று பெயர் வந்தது, பிறகு பர்மி. உங்கள் மகன் வீட்டைவிட்டுப் போன வருஷம் அது. அந்தக் குட்டியை நீங்கள் எதற்காக அப்படித் தூக்கி வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும்தான் பின்னால் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அண்ணனுக்கு முதல் ஷிப்ட் உள்ள வாரங்களில் பர்மி மதியம் இரண்டரைக்குத் தெருமுனைக்குப் போய்விடுவாள். ஷிப்ட் பஸ்ஸிலிருந்து அண்ணன் இறங்கியதும் முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவாள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வழியில் அணில் குட்டியைக் கவ்விவருவாள், கொண்டைக்குருவியைக் கொண்டுவந்து உங்கள் மிதியடியில் வைப்பாள். "உள்ளேயே வளருங்கக்கா, லாரி வேற போகுது" என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீங்கள் ஒரே பதில்தான் வைத்திருந்தீர்கள். "பூனைக்கு நாலு வூடு, நாலு செவுரு வோணும் தங்கச்சி. அத்த அடைச்சிகினு நான் இன்னா பண்றது?"

என் மகள் கல்லூரிக்குக் கோயம்புத்தூர் போன பிறகு வந்த மாசி மாதத்தில், எங்கள் பின்கட்டுக் கொடிக்கம்பியின் நுனியில் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்தி நூலும் சருகும் வைத்து, தொங்கும் பை மாதிரி ஒரு கூடு. அந்தப் பாதிக் கம்பியில் நான் துணி போடவில்லை. என் வீட்டுக்காரர், அதான் இவர், அனல்மின் நிலையத்துக்குப் போட்டுப்போகும் தெர்மல் யூனிபார்மை மாமரத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டேன். வீடு வெறிச்சென்று கிடந்தபோது என்னோடு பேச வந்த ஒரே உயிர் என்று அதை நினைத்தேன், சிரிக்காதீர்கள். இரண்டு குஞ்சுகள் தலை நீட்டிய வாரம் ஒருநாள் காலையில் கூடு தரையில் கிடந்தது. சாம்பல் நிற வால் ஒன்று சுவரைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன்.

அன்று நான் அழுதுகொண்டே வந்து சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி தங்கச்சி. இனிமே வராது" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள்.

சித்திரையில் அதே கம்பியில் இரண்டாவது கூடு. இந்தத் தடவை ஒரு குஞ்சுகூடப் பொரிக்கவில்லை. பட்டப்பகலில், நான் என் சமையலறை ஜன்னலோரம் அரிசி களைந்துகொண்டிருக்கும்போதே, சாம்பல் பூனை சுவரிலிருந்து தாவி, கூட்டோடு கீழே விழுந்து, எழுந்து ஓடியது. நீங்கள் உங்கள் சமையலறை ஜன்னலில் நின்றீர்கள். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"பெத்த பிள்ளையையும் அடக்கத் தெரியல, வளத்த பூனையையும் அடக்கத் தெரியல. நீங்கள்லாம் எதுக்குக்கா வளக்குறீங்க?"

என் வாயால்தான் சொன்னேன். பின்வீட்டு அம்மா வடகத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். உங்கள் முகம் சுண்டிப்போனது. நீங்கள் திருப்பித் திட்டவில்லை. "தங்கச்சி, பர்மி வூட்டுலதான்..." என்று ஆரம்பித்தீர்கள். நான் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன்.

அதற்குப் பிறகு நாற்பது நாள். நீங்கள் துணி உலர்த்த வந்தால் நான் உள்ளே போவேன். சுவர்மேல் ஒருநாள் முந்திரிப்பழக் கிண்ணம் இருந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம்வரை எறும்பு மொய்த்துக் கிடந்து, பிறகு நீங்களே எடுத்துப்போனீர்கள். அதை ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் அக்கா. பார்த்தும் கதவைத் திறக்கவில்லை.

கத்திரி வெயிலில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், ஈரத்துணி வாளியோடு நீங்கள் கொடிக்கு அடியில் சரிந்தீர்கள். மார்வலி என்றார்கள். அண்ணன் மைன்ஸில் இருந்தார். சத்தம் கேட்டு சுவரைத் தாண்டிக் குதித்து வந்தவள் நான்தான். உங்கள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கத்தினேன். நாற்பது நாள் கழித்து நான் உங்களோடு பேசியது அந்த ஒரு வார்த்தைதான். உங்கள் காதில் விழுந்ததா? ஆம்புலன்ஸ் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்து நாலைந்து நாளில் வெயிலைக் கலைத்துக்கொண்டு முதல் மழை வந்தது. பின்கட்டுத் துணிகளை அள்ள ஓடினேன். நடுச்சுவரின்மேல் சாம்பல் பூனை உட்கார்ந்திருந்தது. "உன்னாலதானடி" என்று துடைப்பத்தை எடுத்தேன். மழை ஓங்கி அடித்தது. பூனையின் முதுகிலிருந்து சாம்பல் கோடு கோடாக வழிந்தது அக்கா. சுவரில் ஈயக்கலரில் தண்ணீர் ஒழுகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெள்ளைப் பூனையாகிவிட்டது. அதே நேரம் உங்கள் வீட்டுக்குள்ளிருந்து பர்மி கத்தினாள்.

தெருக்கோடியில் பள்ளம் நிரப்ப, தெர்மலிலிருந்து வந்த சாம்பலைக் குவித்து வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? எங்கிருந்தோ வந்த அந்த வெள்ளைக் கடுவன் பூனை வெயில் காலம் முழுக்க அதில்தான் புரண்டு கிடந்திருக்கிறது. தெர்மல் புகைபோக்கியிலிருந்து பறந்துவந்து மொட்டைமாடியில் விழும் சாம்பலைத் தினமும் கூட்டுகிறவள் நான். கருவேப்பிலையை மூன்று தண்ணீரில் அலசுகிறவள். வெள்ளை வேட்டி சாம்பலாகும், வெள்ளைக் கார் சாம்பலாகும் என்று தெரிந்த எனக்கு, ஒரு வெள்ளைப் பூனையும் ஆகும் என்று தோன்றவில்லை. பர்மிக்கு வால் நுனி மடங்கியிருக்கும். ஒரு தரம் நின்று பார்த்திருந்தால் போதும்.

நனைந்தபடியே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகன் கடைக்குப் போயிருந்தான், அண்ணன் தனியாக ரசம் வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பர்மி இப்பல்லாம் வெளியே போறதில்லையா?" என்று கேட்டேன்.

அவர் பின்கதவைக் காட்டினார். கொசுவலையை இரண்டாக மடித்து, நிலையில் ஆணி அடித்திருந்தீர்கள். கதவுக்கு அடியில் சந்து தெரியாமல், மைன்ஸில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை வெட்டிப் பதித்திருந்தீர்கள். கல்லையும் கரியையும் வருஷக்கணக்கில் சுமந்தாலும் கிழியாத அந்த ரப்பரில் நகக்கீறல்கள். மேலும் கீழுமாக, எண்ண முடியாத அளவுக்கு.

"மாசிலருந்து வெளிய வுடலம்மா. பஸ் சத்தம் கேட்டா போதும், அத்தப் பிராண்டிகினே கெடக்கும். ஒங்க அக்கா மடில வச்சிகினு ஒக்காந்திருப்பா. 'கொஞ்ச நாளு பொறுத்துக்கடி, தங்கச்சி வூட்டு குருவி பறந்துட்டும்'னு அதுங்கிட்ட சொல்லிகினே இருப்பா. அதுவும் அழுவும், இவளும் அழுவா."

நான் அந்த பெல்ட் துண்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிள்ளையைப் பற்றிச் சொன்ன வார்த்தை உட்பட. அவர் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா சொன்ன? அவ எங்கிட்ட சொல்லவேல்லியேம்மா."

ஏன் அக்கா சொல்லவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா? அல்லது நான் சொன்னது உண்மை என்று நினைத்துவிட்டீர்களா? எது என்று தெரியாமல் நான் மீதி நாளைக் கழிக்க வேண்டும். திருப்பித் திட்டியிருக்கலாம். பூனையைத் தூக்கிவந்து என் மூஞ்சிக்கு நேரே காட்டியிருக்கலாம். உங்களுக்கு எல்லாவற்றிலும் பொறுமை, எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

சென்னையில் ஆறாவது மாடி, பூனைக்கு அனுமதி இல்லையாம். "நீ வச்சிக்கிறியாம்மா?" என்று அண்ணன் கூச்சத்தோடு கேட்டார். என்னிடம் போய்க் கூச்சப்படுகிறார்! அந்த பெல்ட் துண்டையும் கழற்றிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் பின்கதவுக்கு அடியில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பூனையை வெளியே விடக்கூடாது என்பதில் நான் இன்றும் மாறவில்லை. அந்த வெள்ளைக் கடுவனுக்கும் ஒரு வீடு இருந்திருந்தால், அந்த வீட்டில் ஒரு கதவு சாத்தியிருந்தால், என் குருவிகள் பறந்திருக்கும். போன வாரம் அது மெயின்ரோட்டு ஓரத்தில் செத்துக் கிடந்தது. திரும்பவும் சாம்பல் பூசித்தான் இருந்தது. என் எதிரி செத்தான் என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இவரைக் கூப்பிட்டுக் குழி தோண்டச் சொன்னேன்.

ஆனால் அடைத்து வை என்று உங்களிடம் சொன்னபோது, என்ன கேட்கிறேன் என்று தெரியாமல்தான் கேட்டேன். இப்போது தெரிகிறது. மதியம் இரண்டரை மணிக்கு பஸ் திரும்பும் சத்தம் கேட்டதும் பர்மி எழுந்து நிற்பாள். கதவைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். பிறகு அந்த பெல்ட்டைப் பிராண்ட ஆரம்பிப்பாள். ஒரு மணி நேரம்கூடச் சில நாள். நான் சொன்ன ஒரு சொல்லுக்காக இதை மூன்று மாதம் தாங்கினீர்களே, எப்படி அக்கா? முதல் கூட்டைக் கலைத்தது பர்மியா அந்தக் கடுவனா என்பதுகூட எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் சாத்தினீர்கள்.

மகள் பூனைக்குத் தோளில் மாட்டும் வார் ஒன்றை வாங்கி அனுப்பியிருக்கிறாள். முதல் நாள் மாட்டியதும் பர்மி செத்த மாதிரி சரிந்து படுத்துவிட்டாள். நான்காம் நாள் நடந்தாள். இப்போது தினமும் இரண்டேகாலுக்கு அவளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருமுனைக்குப் போகிறேன். "மாட்டாட்டம் பூனைய ஓட்டிகினு போவுது பாரு இந்தம்மா" என்று ரோடு பெருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பஸ் வரும். இறங்குகிற ஒவ்வொருவரின் ஷூவையும் பர்மி பார்ப்பாள். கடைசி ஆள் இறங்கி பஸ் கிளம்பியதும் தானாகவே வீட்டுப் பக்கம் திரும்புவாள். கூட்டிவந்தது சரியா தப்பா என்று எனக்குத் தினமும் குழப்பம். ஆனாலும் இரண்டு மணியானால் அவளே வாரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

நேற்று காலை கொடிக்கம்பியில் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. வாயில் ஒரு நார். அந்தப் பாதிக் கம்பியிலிருந்து துணிகளை எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் அக்கா. இனி யாருடைய பேச்சின் பாதியிலும் நான் ஜன்னலைச் சாத்தமாட்டேன். இந்தக் குருவி பறக்கும்வரை மட்டுமல்ல, பர்மி இருக்கும்வரை அவளைத் தனியாக வெளியே விடமாட்டேன், மடியில் வைத்துக்கொள்கிறேன். அன்று நீங்கள் ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை. இன்று உங்களுக்காக, உங்கள் பேச்சிலேயே, நாலு வீட்டுக்கும் கேட்கும்படி நானே சொல்லி முடிக்கிறேன்.

பர்மி வூட்டுலதான் இருந்தா. இப்பவும் வூட்டுலதான் இருக்கிறா.

சுவருக்கு இந்தப் பக்கமிருந்து,
உங்கள் வாயாடித் தங்கச்சி