மூன்றாவது சாவி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஆபரேஷன் செய்த கண் அப்பாவுக்கு இப்போது பளிச்சென்று தெரிகிறது, பேப்பரில் வரும் பொடி எழுத்து விளம்பரத்தைக்கூட விடாமல் படித்துக் காட்டி என் உயிரை வாங்குகிறார். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம். ஞாயிற்றுக்கிழமை போனில் "போனாப் போகுது விட்டுடும்மா, மாமாதானே" என்று சொன்னாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன், நீ வருத்தப்பட்டிருப்பாய். உன்மேல் கோபமில்லை கண்ணு. போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், நான் அழுததை நீ உன் மாமாவிடம் சொல்வாய், அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். அவன் உனக்கு எதைச் சொன்னான், எதை விழுங்கினான் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்த பிறகு சொல்லு, விடலாமா வேண்டாமா என்று.

முதல் திருட்டு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்றைக்கு. நீ அப்போதுதான் புது வேலையில் சேர்ந்திருந்தாய், அதனால் உன்னிடம் மூச்சு விடவில்லை. காலையில் உன் மாமாதான் காரைக் கொண்டுவந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நாள் முழுக்க என் பக்கத்திலேயே அந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மிஷினில் டீ பிடித்துக் கொடுத்தான், "நீ கவலையே படாதக்கா, நான் இருக்கேன்ல" என்று நாலைந்து முறை சொன்னான். நான் அவன் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தேன். இதைக் கவனமாக ஞாபகம் வைத்துக்கொள். நான் அவன் தோளில் சாய்ந்து தூங்கிய அந்த நேரத்தில்தான் நம் கொட்டகையிலிருந்து ஆடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கேட் ஒழுங்காகச் சாத்தியிருந்தது, பூட்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். பதினோரு ஆடு இல்லை. நாலு சினை ஆடு அதில். நீ போன தடவை வந்தபோது பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாயே, ஒற்றைக் கொம்பி, அவளும் இல்லை, அவளுக்கு அடுத்த வாரம் குட்டி போடும் கெடு. கொட்டகையில் எஞ்சியிருந்தவை ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, தண்ணீர் வைத்தால்கூட வாய் வைக்கவில்லை. மறுநாள் சாலையோரக் கால்வாயில், ஆடுகளுக்கு நம்பர் போட்டு மாட்டியிருந்த மஞ்சள் நிறக் காது வில்லைகளைப் பொறுக்கி எடுத்தேன், பதினொன்றும் இருந்தது. அறுத்து எறிந்திருக்கிறார்கள், இரண்டில் காதுத் தோலும் மயிரும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என் கையில் பார்த்துவிட்டு உன் மாமா என்னைவிட அதிகமாக அழுதான். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

போலீஸில் எழுதிக்கொண்டு போனார்கள், அதோடு சரி. அதற்குப் பிறகு சுற்றுவட்டத்தில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காவல் குழு அமைத்தோம். யார் வீட்டில் ஆளில்லை, எந்த வண்டி தெரியாத வண்டி என்று போனில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, புது வண்டி வந்தால் நம்பரை எழுதி வைப்பது, கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் கீலைத் தலைகீழாகப் போட்டு வெல்டு வைப்பது, இப்படி. கூட்டத்தில் அதிகம் பேசியது யார் என்று நினைக்கிறாய்? உன் மாமாதான். அவனுக்கு ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது, ஆனாலும் அக்காவுக்காக வந்தேன் என்று முன் வரிசையில் உட்கார்ந்து "சின்னப் பூட்டெல்லாம் வேலைக்காகாது, பெரிசாப் போடுங்க" என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினான். நமக்குத் தடிப்பான புதுப்பூட்டு வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டினான். அதற்கு மூன்று சாவி. ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு, மூன்றாவதை "அவசரத்துக்கு எங்கிட்ட இருக்கட்டும்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். நானும் தலையாட்டினேன். என் தலையை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

சந்தேகத்தை முதலில் எடுத்தவள் பக்கத்துப் பண்ணை வாத்துக்காரம்மாதான். உனக்குத் தெரியும், அவளுக்கு வாய் நீளம், மூளை அதைவிட நீளம். ஒருநாள் நம் குளியலறை வாசலில் நின்று, "உன் நாய் குரைக்கவே இல்லையாக்கும், அது எப்படி?" என்று கேட்டாள். திருட்டு நடந்த அன்று நாய் குளியலறைக்குள் இருந்தது, கதவில் துடைப்பம் சாத்தியிருந்தது. நம் நாய் ஊரையே கடிக்கும், துடைப்பத்தைக் கண்டால் மட்டும் குளியலறைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இது வெளியாளுக்குத் தெரிய நியாயமில்லை. "வீட்டுக்குள்ள வந்து போற ஆளுதான் வழி சொல்லியிருக்கான்" என்று அவள் அடித்துச் சொன்னாள். அடிக்கடி வந்து போகிறவர்கள் இரண்டு பேர், தீவனக் கடைக்காரரும் சந்தைக்கு ஆடு ஏற்றும் வண்டி டிரைவரும். அவள் ஒரு யோசனை சொன்னாள். நாங்கள் எல்லோரும் வெளியே போகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் வேறு வேறு நாளைச் சொல்வது, எந்த நாளில் வண்டி வருகிறதோ அந்த நாளைக் கேட்டவன்தான் ஆள். கடைக்காரரிடம் புதன்கிழமை என்றேன், டிரைவரிடம் வெள்ளிக்கிழமை என்றேன். அப்போது அவள் மெதுவாக, "உன் தம்பிகிட்டயும் ஒரு நாள் சொல்லி வை" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நீ உன் வாத்தைப் பார், என் தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். அப்புறம் அவள் வாயை அடைக்க வேண்டும் என்றே அவள் எதிரிலேயே அவனுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை அப்பாவுக்குக் கண் செக்கப், வாத்துக்காரம்மா காரில் மூணு பேரும் போகிறோம் என்றேன். அவன் "கஷ்டமா இருந்தா சொல்லுக்கா, நான் வேணா கொண்டு விடறேன்" என்றான். கேட்டாயா என்று அவளைப் பெருமையாகப் பார்த்தேன். அடுத்ததாக அவன், "எத்தன மணிக்குக் கெளம்புவீங்க, எத்தன மணிக்குத் திரும்புவீங்க" என்று கேட்டான். அதில்கூட எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை, அக்கறை என்றே நினைத்தேன்.

புதன்கிழமை ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு மூன்று பேரும் உள் அறையில் உட்கார்ந்திருந்தோம், ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. அப்பா சலித்துப்போய், இருட்டில் உட்கார வைக்கவா கண்ணைச் சரி பண்ணினீர்கள் என்று முணுமுணுத்தார். திங்கட்கிழமை வாத்துக்காரம்மா தன் காரை வாத்துக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்துவிட்டு டிராக்டரைச் சந்து முனையில் தயாராக நிறுத்தியிருந்தாள். இன்றைக்கும் யாரும் வரமாட்டார்கள், வராவிட்டால் இவளை எப்படியெல்லாம் கேட்பது என்று நான் மனசுக்குள் வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருத்தன் கையில் துடைப்பம். இன்னொருத்தன் கேட்டுக்குப் போனான், பூட்டை வெட்டுவான் என்று பார்த்தால் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சாவகாசமாகத் திறந்தான். அந்தப் பூட்டு திறந்த சத்தம் என் நெஞ்சில் கேட்டது கண்ணு. அப்பா என் கையைப் பிடித்தார், என்ன நடந்தது என்று அவருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. வாத்துக்காரம்மா பின்பக்கமாக ஓடி டிராக்டரைச் சந்தில் குறுக்கே விட்டாள், குழுவுக்குப் போன் பறந்தது, ஐந்து நிமிஷத்தில் நாலு பக்கமும் ஆள். நான் நேராகப் போய்த் துடைப்பம் வைத்திருந்தவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி, ஈர்க்கு ஈர்க்காகப் பிரிந்து விழும்வரை அவனை அடித்தேன். அம்மாவா இப்படி என்று கேட்காதே. நன்றாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒற்றைக் கொம்பியை நினைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டரம்மா வந்து விசாரித்ததும் இரண்டு பேரும் உன் மாமா பேரைக் கக்கிவிட்டார்கள், அவர்கள் போனிலும் அவன் நம்பர் வரிசையாக இருந்தது. உடனே போய்ப் பிடிக்கக் கிளம்பினார்கள். நான்தான் அந்த அம்மாவிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன். ஆட்களையும் ஜீப்பையும் வாத்துக் கொட்டகைக்குப் பின்னால் அனுப்பி, போலீஸ்காரர்களைப் படுக்கையறையில் உட்கார வைத்துவிட்டு உன் மாமாவுக்குப் போன் போட்டேன். "மறுபடியும் வந்துட்டாங்கடா, எல்லாம் போச்சு, உடனே வா" என்று அழுதேன், பாதி நடிப்பு, பாதி நிஜம். இருபது நிமிஷத்தில் வந்தான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவசரமாக வந்த மாதிரி. கூடத்தில் நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எவனா இருந்தாலும் கைய ஒடிக்கணும்க்கா, கூட இருந்தே குழி பறிக்கிற பசங்க" என்றான். சத்தமாகச் சொல்லுடா, காதில் விழவில்லை என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னான். உன்னிடம் இருக்கும் சாவி எங்கே என்று கேட்டேன், "வீட்டுல பீரோவுல பத்திரமா இருக்கு" என்றான். நான் என் கையைத் திறந்து, அந்த ஆளிடம் பிடிபட்ட சாவியை மேசைமேல் வைத்தேன். அவன் முகம் மாறியதை நான் கண் கொட்டாமல் பார்த்தேன், அப்படி ஒரு திருப்தி எனக்கு என் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. படுக்கையறைக் கதவு திறந்தது. அப்போதும் என் காலில் விழுவான், ஏதோ புத்தி கெட்டுச் செய்துவிட்டேன் என்பான் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அப்பா நெலத்த உனக்குத்தானே குடுத்தாரு? ஆடுதானேக்கா, என்னமோ உயிரையே எடுத்த மாதிரி பண்ற" என்றான். அவனுக்கு உன் தாத்தா கொடுத்த டவுன் வீட்டை விற்றுத் தின்றது அவனுக்கு மறந்துபோச்சு. அவன் ஆடுதானே என்றான், நீ மாமாதானே என்றாய். இந்த "தானே" எனக்கு வேண்டாம் கண்ணு.

இப்போது ஜாமீனில் வெளியே வந்திருக்கிறான். உனக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான். வழியில் என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிக்கொள்கிறான், நான் வேண்டுமென்றே அவன் வரும் வழியில் போகிறேன். சந்தையில் விசாரிப்பவர்களுக்கெல்லாம் முழுசாகச் சொல்கிறேன், விசாரிக்காதவர்களுக்கும் சொல்கிறேன். தீவனக் கடைக்காரரிடமும் டிரைவரிடமும் போய், உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன், தப்பு என்னுடையது என்றால் எனக்குக் கேட்கத் தெரியும். அவன் பெண்டாட்டி, உன் அத்தை, முந்தாநாள் வந்து கம்ப்ளெயிண்டை வாபஸ் வாங்கச் சொல்லி அழுதாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். சாப்பாடு போட்டேன், தலை வாரிவிட்டேன், பிள்ளைகளை எப்போது வேண்டுமானாலும் இங்கே அனுப்பு என்றேன், வாபஸ் மட்டும் வாங்கமாட்டேன் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அப்பாவும் ராத்திரி சாப்பிடும்போதெல்லாம் "கூடப்பொறந்தவன், விட்டுடேன்" என்கிறார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டு வாயை அடைக்கிறேன். நம் கேட்டுக்கு வேறு பூட்டு போட்டாகிவிட்டது, இரண்டே சாவி. நீயும் அங்கே கதவுக்குப் பூட்டு மாற்றினால் எத்தனை சாவி என்று எண்ணி வாங்கிக்கொள், ஊருக்குப் போனால் போய்ச் சேர்ந்த பிறகு சொல், போவதற்கு முன்னால் யாரிடமும் சொல்லாதே.

அடுத்த மாதம் கேஸ் வருகிறது. சாட்சிக் கூண்டில் ஏறியதும், எதிரி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்களாம், குற்றம் சாட்டப்பட்டவனைக் கோர்ட்டில் எதிரி என்றுதான் சொல்வார்களாம், வக்கீல் சொன்னார். என் தம்பி என்று சொல்ல வேண்டும், எல்லோர் காதிலும் விழும்படி, அவன் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஆடுகளுக்குத் தழை போடும்போது சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். என் என்பது சரியாக வருகிறது. அடுத்த சொல் வருவதற்குள் தழைக்கட்டைப் பிரிக்கக் குனிந்துவிடுகிறேன். அதற்காக விட்டுவிடுவேன் என்று நினைக்காதே, ஒரு மாதம் இருக்கிறது, பழகிவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையை ரொம்ப அதட்டாதே. நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, கெட்ட மனுஷர் கண்ணில் படாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். உன் மாமா மறுபடியும் போன் செய்தால் எடுக்காமல் இருக்காதே. எடு, நல்லா இருக்கியா மாமா என்று கேள், பேசு. அம்மாவும் அப்பாவும் எப்போது வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் தினமும் நினைக்கும்,
அம்மா