பருப்புப் பாட்டு

ஜனவரி 12, 2003, ஞாயிறு

திருப்பதியில் பழைய மாணவர் கூட்டம். கல்லூரி விடுதியில் நான் எழுதிய கேலிப்பாட்டை, அமெரிக்காவிலிருந்து வந்த சேகர் மேடையில் பாடினான். என் பெயரை மறைப்பான் என்று கோபத்தோடு காத்திருந்தேன். முதலிலேயே சொல்லிவிட்டான்: "எழுதினது நம்ம நகரி முருகேசன்பா. நான் பாடிக்கினு திரிஞ்சவன்தான்!"

"பருப்பைத் தேடி முங்கினேன் மெஸ்ஸு சாம்பாரில." சிரித்தார்கள். அடுத்த அடி என்னுடையதல்ல, அவனே புதிதாகக் கட்டியது: "அது போய்க்கினு இருக்குது அமெரிக்கா பிளேனில." கூடமே அதிர்ந்தது. அவனுக்கு டாலர் போதாதா, இந்தச் சிரிப்பும் வேண்டுமா?

சித்தூருக்குத் திரும்பும் ரயிலில், பாகாலா தாண்டியும், கூட வந்திருந்த மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்த பிளேன் அடி எப்டிங்க தோணிச்சு உங்களுக்கு?"

"அப்பவே தோணிச்சு" என்றேன்.

இப்போது அதைவிட நல்லதாக ஒரு அடி தேடிக்கொண்டிருக்கிறேன். வரவில்லை.