பழைய இலக்கத்தில் ஒருவர்

2009 யூன் 3, புதன்

எங்கள் இணையத்தளத்தை நடத்துகிற லண்டன் அண்ணரிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் தளம் இருக்கும் சேர்வரை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். ஐபி இலக்கமும் மாறும். பழைய இயந்திரத்தை இம்மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். "சின்ன வேலைதானே கஜானி, தளம் விழாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று எழுதியிருக்கிறார். தூரத்தில் இருப்பவருக்கு எல்லாம் சின்ன வேலைதான்.

விழக்கூடாது என்பது எனக்கும் தெரியும். சுனாமியில் காணாமற் போனவர்களைத் தேட என்று தொடங்கிய தளம் இது. இப்போது வன்னியிலிருந்து வந்த சனத்தைத் தேடுகிறவர்களால் நிரம்பிக் கிடக்கிறது. சண்டை முடிந்து மூன்று கிழமை ஆகவில்லை. வவுனியா முகாம்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. நான் கல்லடியில் கணினி வகுப்பு எடுத்து முடித்துவிட்டு, அதே அறையில் குந்தியிருந்து வந்த அறிவித்தல்களை ஒன்றொன்றாக ஏற்றுகிறேன். பஸ் ஏறி, சோதனைச் சாவடி தாண்டி, நெற் கபேக்கு வந்து பார்க்கிற சனம். ஒருநாள் திறக்காவிட்டால் திரும்ப வராமலே போய்விடுவார்கள்.

களைப்பாக இருக்கிறது. இந்த மின்விசிறி வேறு காற்றைத் தராமல் சத்தத்தை மட்டும் தருகிறது.

யூன் 5, வெள்ளி

டிஎன்எஸ் பதிவில் கை வைத்தேன். யாராவது எங்கள் தளத்தின் பெயரை அடித்தால், இன்ன இலக்கத்துக்குப் போ என்று சொல்வது அதுதான். கேட்ட கணினிகள் அந்தப் பதிலை ஒரு நாள் முழுக்க ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஒரு நாளை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டேன். இனி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்கும். அப்போதுதான் இலக்கம் மாறுகிற அன்று ஒருவரும் பழைய இடத்தில் போய் நிற்கமாட்டார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்க்கிற வியாதி எனக்கும் உண்டு. அது தனிக் கதை.

யூன் 6, சனி

கரண்ட் இல்லை. ஒரு வேலையும் ஓடவில்லை.

யூன் 7, ஞாயிறு

ரதீஸ் வந்தார். என் கணவரின் தம்பி. கடலோரம் எங்கள் நாவலடிக் காணியில் மீன் வைக்க வாடிக் கொட்டில் போட வேண்டுமாம். எங்கள் வீட்டில் மிஞ்சி நிற்கிற அந்த ஒற்றைச் சுவரை உடைத்தால்தான் இடம் வரும்.

"மச்சாள், நீங்க ஓம் எண்டாத்தான். இல்லாட்டி நான் கை வெக்கமாட்டன்" என்றார்.

தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

அந்த மார்கழியில் கடல் வந்து போன பிறகு, நாவலடியில் நின்ற சுவர் எல்லாவற்றிலும் சனம் கரியால் எழுதி வைத்தது. இன்ன பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். அம்மா பெரியம்மா வீட்டில். தம்பி ஆசுபத்திரியில். உயிரோடு இருக்கிறவர் எவரும் முதலில் வீடு இருந்த இடத்துக்குத்தானே வந்து பார்ப்பார். நானும் எழுதினேன், என் போன் இலக்கத்தை. என் கணவர் ஜெயரூபன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் போய், மழையில் கரைந்த எழுத்தின் மேல் திரும்ப எழுதிவிட்டு வருகிறேன். அந்த சிம்மையும் மாற்றவில்லை.

அவர் வரமாட்டார் என்று தெரியாதவளா நான்? தெரியும். தெரிந்தால் என்ன?

யூன் 10, புதன்

கோப்புகளைப் புதிய சேர்வருக்கு ஏற்றி முடித்தேன். படங்கள் ஏறும்போது இணைப்பு அறுந்து அறுந்து உயிரை வாங்கிவிட்டது. இப்போது ஒரே தளம் இரண்டு இடத்தில் நிற்கிறது. சனத்துக்கு அது தெரியவும் கூடாது.

யூன் 12, வெள்ளி

இன்று மாற்றினேன்.

முதலில் பழையதில் எழுத முடியாதபடி பூட்டினேன். இல்லாவிட்டால் பாதிப் பேர் அங்கே எழுதி, பாதிப் பேர் இங்கே எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் காணமாட்டார். அதன் முகப்பில் "இடம் மாறிவிட்டோம்" என்று ஒரு வரியும் புதிய வழியும். சுவரில் எழுதி வைப்பது போலத்தான். பிறகு டிஎன்எஸ் பதிவில் புதிய இலக்கத்தைப் போட்டேன். போட்டதை இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தேன்.

பின்னேரத்துக்குள் பழைய சேர்வர் வெறிச்சோடிவிட்டது. எல்லாரும் புதியதில். ஒரு குறையும் வரவில்லை. லண்டன் அண்ணருக்கு எழுதினேன். "சொன்னனான்தானே" என்று பதில். அவர் வாயில் நன்றி என்ற சொல் வருவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

யூன் 15, திங்கள்

பழையதில் இன்னும் ஒருவர் இருக்கிறார்.

அதன் வருகைப் பதிவைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். தேடுபொறிகள் வந்து முகர்ந்துவிட்டுப் போவதைக் கழித்துவிட்டால், மிச்சம் ஒரே ஆள். ஒவ்வொரு நாளும் காலையில் வருகிறார். முகப்புக்கு வருவதே இல்லை. நேரே ஒரே ஒரு அறிவித்தலைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். நான் முகப்பில் எழுதி வைத்தது அவர் கண்ணில் படவே இல்லை. பெயரையும் அடிப்பதில்லை. பழைய இலக்கத்தையே எங்கோ சேமித்து வைத்து அதால் வருகிறார். வழி கேட்கிறவருக்குத்தான் வழியை மாற்றிச் சொல்லலாம். கேட்காமல் வருகிறவரை நான் என்ன செய்ய?

அந்த அறிவித்தல்: தனுஷியா, வயது இருபத்திநான்கு. சொந்த ஊர் பனிச்சங்கேணி. கலியாணம் முடித்துக் கிளிநொச்சியில் இருந்தவர். தை மாதத்திலிருந்து தொடர்பில்லை. தேடுபவர் தகப்பன் இராசதுரை. கீழே, பதில்கள் இல்லை.

லண்டன் அண்ணருக்குச் சொன்னேன். "ஒராள்தானே, விடுங்கோ" என்றார்.

யூன் 17, புதன்

எனக்குக் கை கால் ஓடவில்லை.

தனுஷியாவின் அறிவித்தலுக்குப் பதில் வந்திருக்கிறது. புதிய சேர்வரில். வவுனியாவில் ஒரு முகாமில் வேலை செய்யும் தாதி எழுதியிருக்கிறார். இந்தப் பிள்ளை இருக்கிறா, காலில் காயம், தேறி வாறா, தகப்பன் பனிச்சங்கேணி என்று சொல்லுறா. எந்த முகாம் என்பதைப் பகிரங்கமாகப் போட வேண்டாமாம், தகப்பன் தன் போனுக்கு எடுத்தால் சொல்வாராம். இம்மாதக் கடைசியில் தன்னை வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள், முகாமில் இருக்கிறவர்களையும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அதன் பிறகு பிள்ளை எங்கே என்று தனக்கும் தெரியாமல் போகும் என்றும் எழுதியிருக்கிறார்.

தகப்பன் கொடுத்த போன் இலக்கத்துக்கு எடுத்தேன். பாவனையில் இல்லை.

மகள் உயிரோடு என்று புதிய இடத்தில் எழுதியிருக்கிறது. அந்த மனுசனோ தினமும் பழைய இடத்துக்கு வந்து, "பதில்கள் இல்லை" என்பதைப் படித்துவிட்டுப் போகிறார். இதுவா தளம் விழாமல் பார்த்துக்கொண்ட இலட்சணம்?

பழைய சேர்வரில் மற்ற எல்லாப் பக்கங்களையும் புதிய இலக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பவில்லை. மெதுவான இணைப்பில் திருப்பம் நடுவழியில் அறுந்துபோகும், அவர் வெறும் திரையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இங்கேயே எழுதினேன், பெரிய எழுத்தில், அறிவித்தலுக்கு மேலேயே: இராசதுரை ஐயா, உங்களுக்கு நல்ல செய்தி வந்திருக்கிறது. உடனே இந்த இலக்கத்துக்கு எடுங்கள்.

என் போன் இலக்கத்தைப் போட்டேன். நாவலடிச் சுவரில் இருக்கிற அதே இலக்கம். வகுப்பறைப் போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். என்னிடம் மாறாத இலக்கம் அது ஒன்றுதான்.

யூன் 18, வியாழன்

காலையில் வந்திருக்கிறார். பக்கத்தைத் திறந்திருக்கிறார். போன் அடிக்கவில்லை.

யூன் 19, வெள்ளி

இன்றும் வந்தார். அடிக்கவில்லை.

யூன் 22, திங்கள்

ஏன் எடுக்கிறார் இல்லை? வாசிக்கத் தெரியாதா? பயமா? நல்ல செய்தி என்று எவனோ கூப்பிட்டு ஆளைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று நினைக்கிறாரா? அப்படி நினைத்தாலும் பிழை சொல்ல முடியாது. நானே நினைப்பேன். — ஐயோ, எடுங்கோவன் ஐயா. ஒருக்கா எடுங்கோ. இவ்வளவு தூரம் வந்து வாசல்ல நிண்டுட்டுத் திரும்பிப் போறீங்களே.

வகுப்பில் ஒரு பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவள் செய்த பிழை ஒன்றும் இல்லை.

ரதீஸிடம் சொன்னேன். பனிச்சங்கேணிப் பக்கம் மீன் எடுக்கப் போகிற ஐஸ் லொறிக்காரர்களை அவருக்குத் தெரியும். விசாரிக்கிறேன் என்றார். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே அவர் மேல் மரியாதை வந்தது.

யூன் 23, செவ்வாய்

ரதீஸ் எடுத்தார். "மச்சாள், அந்தாள் ஊர்ல இல்லயாம். காய்ச்சலெண்டு வாழைச்சேனைப் பக்கம் தங்கச்சி வீட்ட போனவராம். கிழமைக் கணக்காப் படுக்கையாம். எந்த வீடெண்டு லொறிக்காரருக்குத் தெரியாது."

படுக்கையில் கிடக்கிற மனுசன் தினமும் நெற் கபேக்கு எப்படி வருவார்? அப்படியென்றால் ஒவ்வொரு காலையும் வந்து பார்ப்பது யார்?

பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தேன். இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும் எடுங்கள். இம்மாதக் கடைசிக்குப் பிறகு இந்த இடமும் இராது, செய்தி தந்தவரும் இருக்கமாட்டார்.

யூன் 25, வியாழன்

வகுப்பு நடுவில் போன் அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தேன். ஒரு ஆணின் குரல், மெலிந்து, இரைந்துகொண்டு, "ஹலோ" என்றது.

இந்த இலக்கத்துக்கு எங்கிருந்தாவது ஜெயரூபனின் குரல் வரும் என்று நாலரை வருசமாகக் காத்திருந்தவள் நான். ஒரு கணம் — எழுதவே வெட்கமாக இருக்கிறது — அவர்தான் என்று நினைத்துவிட்டேன்.

"புள்ள, நான் இராசதுரை கதைக்கிறன். ஓட்டமாவடியில இருந்து. என்னமோ செய்தியெண்டு இந்தப் புள்ள சொல்லுது."

கதிரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். மகள் இருக்கிறா ஐயா. காலில் காயம். தேறி வாறாவாம்.

"கால்தானே?" என்றார். "கால்தானே புள்ள? வேறொண்டுமில்லயே?"

"கால்தான் ஐயா."

"இன்னொருக்காச் சொல்லு புள்ள. இந்தா, முப்லிஹாட்டயும் சொல்லு. அதும் கேக்கட்டும்."

முப்லிஹா என்பது வாழைச்சேனைக்குப் பக்கத்தில், ஓட்டமாவடியில் நெற் கபே நடத்துகிற பெண். தினமும் பழைய இலக்கத்துக்கு வந்தது அவள்தான். இராசதுரை ஐயா கடைசியாக வந்தபோது, காய்ச்சல், வாழைச்சேனையில தங்கச்சி வீட்ட போறன், எனக்கு வர ஏலாது, நீ பாத்து வை மகள் என்று கேட்டிருக்கிறார். அவள் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைப் பார்த்திருக்கிறாள்.

"பேரு அடிச்சா எங்கட லைன்ல திறக்கிறல்ல அக்கா. நம்பரத்தான் சேமிச்சி வெச்சிருந்தன். நீங்க போட்டதக் கண்டன். அவருக்கு வந்த செய்திய நான் எடுத்துக் கேக்கிறது சரியில்லதானே, அவரு வரட்டும் எண்டு நிண்டன். மறுகா யாராயிருந்தாலும் எண்டு நீங்க போட்ட பொறகு தாங்கல்ல. வாழைச்சேனையில வீடு வீடா விசாரிச்சி, ஓட்டோவில ஏத்தித்தான் கூட்டி வந்தன். இன்னும் காய்ச்சல் விடல்ல அவருக்கு."

இத்தனை நாளும் அந்த மனுசன் மேல் கோபப்பட்டேனே என்று நினைத்து மனது கூசிப்போனது. தாதியின் இலக்கத்தைச் சொன்னேன். முப்லிஹா எழுதி, திருப்பி வாசித்துக் காட்டினாள்.

யூன் 30, செவ்வாய்

பழைய சேர்வர் இன்றோடு நிற்கிறது. கடைசியாக ஒருமுறை வருகைப் பதிவைப் பார்த்தேன். காலையில் ஒருவரும் வரவில்லை.

டிஎன்எஸ்ஸில் ஐந்து நிமிடத்தைத் திரும்ப ஒரு நாளாக்கினேன். இனி ஒருவரும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

யூலை 8, புதன்

இராசதுரை ஐயா எடுத்தார். "கண்டிட்டன் புள்ள. கம்பிக்கு இங்கால நிண்டு கதைச்சன். மெலிஞ்சிதான் போனாள். தடி ஊண்டிக்கிட்டு நடந்து வந்தாள். நடந்து வந்தாள் புள்ள."

மருமகனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

யூலை 12, ஞாயிறு

நாவலடிக்குப் போனேன். கரி கொண்டு போக மறந்துவிட்டேன். இதுவரை மறந்ததில்லை.

எழுத்து பாதி மங்கிவிட்டது. இலக்கத்தின் கடைசி இரண்டும் எனக்குப் பாடம் என்பதால்தான் தெரிந்தது. வேறொருவருக்குத் தெரியாது. பக்கத்து வளவில் கண்ணகை அக்கா கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தா. இந்தச் சுவரைப் பார்க்க யாராவது வருகிறவர்களா அக்கா என்று கேட்டேன். கேட்டது எனக்கே விசர்க் கேள்வியாகத்தான் பட்டது.

"ஆரு புள்ள வாற?" என்றா. கருவாட்டைப் புரட்டுவதை அவ நிறுத்தவில்லை. "இத்தின வருசமா நீதான் வந்து வந்து நிக்காய். வேற ஒருத்தரையும் நான் காணல்ல."

கொஞ்ச நேரம் சுவரின் நிழலில் இருந்தேன். பிறகு ரதீஸுக்கு எடுத்து, உடையுங்கோ என்றேன்.

"உண்மையாவா மச்சாள்?"

"ஓம். வாடி போடுங்கோ."

போன் இலக்கத்தை மாற்றமாட்டேன். அது இருக்கட்டும்.

அழுகை பஸ்ஸில்தான் வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என்ன ஏது என்று கேட்கவில்லை. எழும்பி, யன்னல் பக்கத்து இடத்தை எனக்குத் தந்தா.