ராவியவர் பெயர்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். இன்று நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டமாட்டேன், எதையும் மறைக்கமாட்டேன். உங்களைப் பற்றி நான் நினைப்பதையும் அப்படியே எழுதுவேன். நலம் விசாரிப்பு கடைசியில் வரும். அது என் வேலை இல்லை, அம்மாவின் வேலை.

இதை எழுதும் இடம் உங்கள் கத்தியைச் செய்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர். முதல் மாடி. சுவரோரமாக ஒரு இரும்பு பெஞ்ச். அதில் நான், என் பக்கத்தில் அம்மா. மணி நாலே முக்கால், ஐந்தரைக்கு மூடுவார்கள். எழுதும் தாளைக் கவுண்டரில் கேட்டு வாங்கினேன். பின்பக்கம் திருப்பினால் "உங்கள் திருப்தியே எங்கள் மகிழ்ச்சி" என்று அச்சடித்திருக்கும். இங்கே யாருக்கும் இரண்டும் இல்லை.

கத்தி உங்களுக்கு மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். நான்கு வருடம் முன்பு வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டி இல்லை என்று நின்றீர்கள். அம்மா தன் சக்கரம் வைத்த பெட்டியைக் கொடுத்தாள். சும்மா வாங்கிக்கொண்டால் மரியாதை இல்லை என்று நீங்களாகவே உங்கள் ஒட்டுக்கட்டும் மடக்குக் கத்தியை எடுத்து அவள் கையில் வைத்தீர்கள். "வாழ்நாள் வாரண்டிக்கா. நீ போனாலும் கத்தி போகாது" என்றீர்கள். அம்மா அந்தப் பேச்சைத் தான் வேலை செய்யும் நாற்றுப்பண்ணையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மற்றவர்களின் மடக்குக் கத்தியை மூடுவதென்றால் அலகு மடங்காமல் தடுக்கும் பூட்டுப் பட்டையை அழுத்திப்பிடித்து இன்னொரு கையால் மடக்க வேண்டும். உங்களுடையது மட்டும் ஒற்றைக் கையில் ஒரு சொடுக்கில் திறக்கும், ஒரு சொடுக்கில் மூடும். உன் தம்பி கத்திக்கு மந்திரம் போட்டிருக்கான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்களாம். என்ன மந்திரம் என்று இன்று மத்தியானம் தெரிந்துவிட்டது. அரம்.

விபத்து நடந்து இருபது நாள் ஆகிறது. உங்களுக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன். அம்மா நாற்றுப்பண்ணையில் ஒட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு செடியின் குச்சியை இன்னொரு செடியில் ஒட்டுக்கட்ட, குச்சியின் அடியை ஆப்பு மாதிரி சீவ வேண்டும். கணுவுள்ள குச்சி ஒன்றில் அலகு மாட்டிக்கொண்டது. அசைத்து எடுக்கப் பார்த்தாள். பூட்டு பிடிக்கவில்லை. அலகு மடங்கி வலது ஆள்காட்டி விரல் மேல் விழுந்தது. உள்ளே நரம்பு மாதிரி ஒன்று விரலை மடக்குமாம், அது அறுந்துவிட்டது. தைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பாதி மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். இப்போது டம்ளர் பிடித்தால் அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. மகாராணி மாதிரி டீ குடிக்கிறேன் பார் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பண்ணையில் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். எதைச் சொன்னாலும் "ஆனாலும்" என்று ஆரம்பிப்பதால் எல்லாருக்கும் அவர் ஆனாலும்தான். இப்படி அடிபட்டால் விதி என்ன என்று அவரிடம் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்ததைக் கைகாட்டினார். படித்தேன். கருவியில் கோளாறு என்றால் அது விபத்து. குணமாகும்வரை மேசையில் இடம் காத்திருக்கும். தொழிலாளியே கருவியை மாற்றியிருந்தால் அது ஒழுங்கு மீறல். மேசை போய்விடும், மண் கலக்கும் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அம்மா அந்த மேசையில் பதினொரு வருடமாக உட்காருகிறாள். ஆனாலும் கத்திக் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வேண்டும், நாளைக்குள் வேண்டும் என்றார். அதற்காகத்தான் இங்கே வந்தோம்.

நேற்று சாயங்காலமே அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். ஒட்டுக்கட்டுகிறவர்கள் அழுக்குக் கத்தியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார்கள். ஒரு செடியின் நோய் இன்னொரு செடிக்குப் போய்விடும். அது அவர்கள் ஒழுக்கம். அதனால் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, எண்ணெய் விட்டு, சாணைக் கல்லை என்னைப் பிடிக்கச் சொல்லி இடது கையால் தீட்டினாள். புகார் கொடுக்கப் போகும் பொருளை யாராவது பளபளப்பாக்குவார்களா என்று கேட்டேன். ஒருத்தர் கையில் மொட்டைக் கத்தியைக் கொடுப்பது அசிங்கம் என்றாள்.

கவுண்டரில் டை கட்டிய ஒருவர். கத்தியை வாங்கியதும் முதலில் சொன்னதே புதிதாகத் தீட்டியிருக்கிறீர்கள், இதுவே மாற்றம்தான், வாரண்டி கிடையாது என்று. அலகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் தீட்டி இன்னொரு பக்கத்தைத் தட்டையாக விட்டிருக்கிறீர்கள், கத்தியையே கெடுத்துவிட்டீர்கள் என்றார். ஒட்டுக் கத்திக்கு ஒரு பக்கம்தான் கூர் இருக்கும், அது உங்கள் கம்பெனியே செய்வது, உங்களுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படத்தில் இரண்டாவது வரியில் போட்டிருக்கிறது என்றேன். திரும்பிப் பார்த்தார். எத்தனை வருடமாக அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாரோ, இன்றுதான் படித்தார். படித்துவிட்டு, சரி, அதை விடுங்கள், சிஸ்டத்தில் வேறு பெயர் இருக்கிறது என்றார்.

உங்கள் பெயர். வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டுமாம். வாழ்நாள் என்று நீங்கள் சொன்னது உங்கள் வாழ்நாள். அவர் எங்கே என்று கேட்டார். அம்மா அந்த நிலைமையிலும் போனை எடுத்து உங்கள் படத்தைக் காட்டினாள். மஞ்சள் சட்டை, தலையில் ஹெல்மெட், நெஞ்சில் "பாதுகாப்பு அலுவலர்" என்ற அட்டை. என் தம்பி என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. உங்களை நம்பிப் பாதுகாப்பை ஒப்படைத்த ஒரு கம்பெனி இந்த உலகத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தங்கள் விரல்களைத் தினமும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

டைக்காரர் நாங்கள் போகாததைப் பார்த்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த மெக்கானிக்கிடம் கத்தியை அனுப்பினார். வயதானவர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். இன்று இந்தக் கட்டடத்தில் நான் பார்த்த மனிதர்களில் தன் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு திருகாணியைக் கழற்றி, பூட்டுப் பட்டையை வெள்ளைத் தாள் மேல் வைத்து, எங்களை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பட்டையின் முனை சரிவாக இருந்து அலகின் அடியில் இறுகப் பிடிக்க வேண்டுமாம். இதில் சரிவே இல்லை. வழவழவென்று ராவியிருந்தது. ராவிய கீறல்களுக்குள் துரு. நாலைந்து வருடத் துரு என்றார். பிறகு எனக்குச் சொல்கிற மாதிரி, "நல்ல கைம்மா. வேலை தெரிஞ்சவன் பண்ணின தப்பு இது" என்றார்.

அவர் விளக்கியதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு இதுதான் முக்கியம். வாரண்டி எப்படியும் கிடையாது. ஆனால் அறிக்கையில் "மாற்றம் செய்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் ராவியது, இப்போது வைத்திருப்பவருக்குத் தெரியாது என்று அவர் எழுதினால் அம்மா மேல் குற்றம் இல்லை, மேசை தப்பும். அதற்கு ராவியவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மெக்கானிக்கிடம் போனில் சொன்னாலும் போதும். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த விரலோடு போனைக் காதில் பிடிக்க முடியாது, இடது கையில் பை இருந்தது. அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். ஆகவே நீங்கள் பேசியது முழுவதும் எனக்குத் தெரியும். முதலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். யாரும் இல்லை என்று அம்மா பொய் சொன்னாள். அப்புறம், லேசாகத்தான் ராவினேன், எல்லாரும் செய்வதுதான், பார்த்து உபயோகித்திருக்க வேண்டும் என்றீர்கள். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகப்போகிறது, இந்த நேரத்தில் இப்படி ஒரு காகிதம் வந்தால் அவ்வளவுதான் என்றீர்கள். "என் பேர் மட்டும் எங்கயும் வரக் கூடாதுக்கா." அதற்கப்புறம் அந்தப் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்துவிட்டது என்றும் சொன்னீர்கள்.

எந்த விரல் என்று நீங்கள் கேட்கவில்லை.

அம்மா உள்ளே போய், "நான்தாங்க ராவினேன்" என்றாள். மெக்கானிக் எப்போது என்று கேட்டார். போன மாதம் என்றாள். அவர் துருவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"அரம் எப்படி இருக்கும்னாவது தெரியுமாம்மா உங்களுக்கு?"

"எழுதுங்க சார். பஸ்ஸுக்கு நேரமாகுது."

அவர் உடனே எழுதவில்லை. மூடும்வரை நேரம் இருக்கிறது, யோசித்துவிட்டு வாருங்கள் என்று எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அந்த யோசனை நேரத்தில்தான் இதை எழுத ஆரம்பித்தேன். அம்மா எதையும் யோசிக்கவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் இடம் போய்விடுமே என்றேன். மண் கலந்தால் என்ன, மண் கடிக்குமா என்றாள். அந்த விரலோடு மண்வெட்டியை எப்படிப் பிடிப்பாய் என்றேன். அதற்கு வேறு பதில் சொன்னாள். "அவனுக்கு இப்பத்தாண்டி ஒரு இடத்துல கால் பாவியிருக்கு." பிறகு என் சட்டைக் காலரை இடது கையால் சரிசெய்தாள்.

நான் எழுந்து போய் மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். சொல்லவில்லை. உங்களுக்காக அல்ல. அவ்வளவு பேர் முன்னால் அம்மாவைப் பொய்க்காரி ஆக்க என்னால் முடியவில்லை. உங்களால் எனக்கும் இந்த நிலைமை வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தேகாலுக்கு அவர் கூப்பிட்டார். "மாற்றம் செய்தவர்: தாமே செய்ததாக உரிமையாளர் கூறுகிறார்" என்று எழுதியிருந்தார். அம்மா இடது கையால் கையெழுத்துப் போட்டாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியது மாதிரி இருந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். திருத்தக் கடிதம் என்று பெயர். ராவியவர் கையெழுத்துப் போட்டு முப்பது நாளுக்குள் வந்து சேர்ந்தால் அறிக்கையை மாற்றித் தருவாராம். நகல் செல்லாது, பேனாவால் போட்ட கையெழுத்துதான் வேண்டும். போனில் அனுப்பாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம் அதுதான். பண்ணை விதியிலும் அறிக்கை கொடுத்ததிலிருந்து முப்பது நாள்தான். அதற்குப் பிறகு அந்த மேசை வேறொருவருக்கு நிரந்தரமாகிவிடும்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். கத்தியின் எண், தேதி, அம்மாவின் பெயர். உங்களுக்கு வாக்கியம் யோசிக்கும் சிரமம்கூட இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். மெக்கானிக் உங்கள் கம்பெனிக்கு எழுதமாட்டார், அதற்கு அவருக்கு நேரமில்லை. அவரிடம் கேட்டுவிட்டேன். ஆகையால் பயப்படுவதற்குக்கூட உங்களுக்கு உண்மையான காரணம் எதுவும் இல்லை.

நீங்கள் போடமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் நினைத்தது தப்பு என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை காட்டுங்கள் மாமா. அதற்கு மேல் உங்களிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

யாருக்கு எழுதுகிறாய் என்று அம்மா கேட்டுவிட்டாள். உங்களுக்கு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நான் சொல்வதையும் எழுது என்றாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

நான் நல்லா இருக்கேன். கை ஆறிட்டுது. கத்தி விஷயம் இன்னையோட முடிஞ்சுது, நீ மனசுல வச்சுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. பெட்டிச் சக்கரத்தை அங்கேயே கொடுத்து மாத்திக்கோ, புதுசு வாங்காதே. வேலை நிரந்தரமானதும் முதல்ல எனக்குத்தான் சொல்லணும். எங்க இருந்தாலும் நல்லா இருடா.

இது அவள் வாழ்த்து. நான் எழுதிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் அக்காள் மகள்.

மேலே எழுதியதை மடித்துவிட்டு, அவள் சொன்னது மட்டும் தெரியும்படி நீட்டினேன். படித்துப் பார்த்து, தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே கோணலாக இருப்பது என் கிறுக்கல் இல்லை. உங்கள் அக்காவின் பெயர். கடைசி எழுத்து பாதியில் நிற்கும், இங்கே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.