ப்ரெக்கே நின்றிருந்தால்

செப்டம்பர் 9, வெள்ளி

பீன்ஸ் ஊறப் போட்டாயிற்று. நாளை கட்சியின் வருடாந்தர பீன்ஸ் விருந்து, சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில். முன்னாள் செனட்டர் ஹார்லன் ப்ரெக்கே வருகிறாராம். தொண்ணூறைத் தாண்டிவிட்டார்.

என் தம்பி ஆர்வோவும் வருவான். அடுத்த ஞாயிறு அரிசோனாவுக்கு, மகன் வீட்டோடு இருக்கப் போய்விடுகிறான். இந்த வயதில் பாலைவனம். போனால் திரும்ப மாட்டான். அவனோடு நான் முகம் கொடுத்துப் பேசி நாற்பது வருஷம். இப்போது மட்டும் என்ன பேச?

செப்டம்பர் 10, காலை

நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கோடை. பாடிக்கொண்டே பஸ்ஸில் கட்சியின் தேசிய மாநாட்டுக்குப் போனோம். வைக்கோல் தொப்பிகள், பேண்டு வாத்தியம், என் கைப்பையில் நசுங்கிய ரொட்டி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் மாநாட்டு விதிகள் மொத்தமும் நூலகத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தேன்.

எங்கள் ஜனாதிபதி வேட்பாளர் கால்டர், துணை ஜனாதிபதிக்கு பிக்கெட்டை அறிவித்தார். தெற்கத்திப் பணக்காரர். சுரங்கத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார். பிரதிநிதிகள் போதுமான பேர் கையெழுத்திட்டால் வேறொருவரை முன்மொழியலாம் என்பது விதி. நான் எங்கள் மாநில செனட்டர் ப்ரெக்கேவுக்காகக் கையெழுத்துக் கேட்டுக் கூடம் முழுக்க அலைந்தேன். எங்கள் வட்டாரத்து ஆட்கள் ஆர்வோ முகத்தைப் பார்த்துதான் எதையும் செய்வார்கள்.

"போட மாட்டேன் அக்கா. ஏன்னு கேக்காதே" என்றான்.

அவர்களும் போடவில்லை. முடிந்தது. பிக்கெட்டை ஏகமனதாக ஏற்கலாமா என்று தலைவர் கேட்டபோது, அத்தனை பெரிய கூடத்தில் "கூடாது" என்று கத்தியது நான் ஒருத்திதான். தலைவர் சுத்தியலைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பரில் கால்டர் தோற்றார். ஒஹையோ, விஸ்கான்சின் என்று ஏரிக்கரை மாநிலங்கள் கொஞ்ச ஓட்டில் கை நழுவின. ப்ரெக்கே ஜோடியாக நின்றிருந்தால் எல்லாம் எங்களுக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அன்றே, மாலை

பரிமாறும்போது, கூடப் பரிமாறிய லெம்பி வம்புக்கு இழுத்தாள். "என்ன ஐலி, இந்த வருஷமும் தம்பிக்கு பீன்ஸ் மட்டும்தானா? பேச்சு கிடையாதா?"

"பீன்ஸே அதிகம்."

ஆர்வோ வழக்கம்போல மேசையின் அந்தக் கோடியில். நான் ப்ரெக்கேயின் சக்கர நாற்காலி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம் ஐயா. என் தம்பிதான் கெடுத்துட்டான்."

அவர் என்னையே பார்த்தார்.

"கால்டர் முதல்ல என்னைத்தாம்மா கேட்டார். நான்தான் மாட்டேன்னுட்டேன். என் மனைவி மார்கிட்டுக்கு அப்போ மனசு சரியில்லை, ஆஸ்பத்திரியில இருந்தா. என் பேரு வந்தா பத்திரிகைக்காரங்க அவளைத் தேடிப் போவாங்க. நீ கையெழுத்து வாங்குறேன்னு கேள்விப்பட்டு ஆர்வோகிட்ட சொன்னேன். எப்படியாவது நிறுத்து, ஒருத்தர்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினேன்." பிறகு கேட்டார். "மார்கிட்தான் போயிட்டாளே. இன்னுமா சொல்லல?"

செப்டம்பர் 11

பாவி. எங்கிட்ட மட்டும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நான் என்ன ஊரெல்லாம் தண்டோரா போடுவேனா?

— போட்டிருப்பேன். அன்றைக்கு இருந்த கோபத்தில்.

செப்டம்பர் 14

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நாற்பது வருஷம் எனக்கும்தான் போயிற்று.

செப்டம்பர் 16

போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு நானே வண்டி ஓட்டுகிறேன் என்றேன். "சரி அக்கா" என்றான்.

செப்டம்பர் 18, ஞாயிறு

அவன் பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினோம். பிறகு, "ப்ரெக்கே சொன்னார்" என்றேன்.

"ம்."

சாலையோரப் பூர்ச்ச மரங்களின் இலைகள் மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே அவனாகச் சொன்னான்: "அவர் நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம் அக்கா. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷமும் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக் கிடந்தேன்.

"கிழிச்சோம்" என்றேன். "ஒஹையோ வந்திருக்காதுடா."

"விஸ்கான்சின்?"

"அதுவும் சந்தேகம்தான்."

டுலூத் விமான நிலையம் போய்ச் சேரும்வரை மாநிலம் மாநிலமாகத் தோற்றுக்கொண்டே போனோம்.