நாலு மனையும் ஒரு தகரக் கொட்டகையும்

கோம்பை,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பாண்டியராஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், டொராண்டோவில் நீயும் மருமகள் ஹேமாவதியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பிடிவாதம் குறையவில்லை. அங்கே ஐஸ் கொட்டுகிறது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீ வாங்கிப் போட்டிருக்கிற நாலு மனைக்கும் காலிமனை வரி கட்டச் சொல்லிப் புரட்டாசியிலேயே பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. உனக்கு மட்டும் இல்லை, அந்த இடத்தில் கல் ஊன்றி வைத்திருக்கிற எல்லாருக்கும் வந்திருக்கிறது. அதில் பாதிப்பேர் சென்னையில், மீதிப்பேர் வெளிநாட்டில். விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள், ஒருத்தர்கூட வீடு கட்டவில்லை, தெருவிளக்கு ஆட்டுக்குட்டிகளுக்குத்தான் எரிகிறது. இப்போது சும்மா போட்டிருந்தால் வரி, பதியப் போனால் வழிகாட்டி மதிப்பு கூடுதல், அங்கீகாரம் இல்லாத மனை என்றால் பத்திரமே போட மாட்டார்களாம். கை மாற்றிக் கை மாற்றி விலையை ஏற்றிவிடுகிறவர்களை அடக்கத்தான் இத்தனையும் என்று அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். மனை புரோக்கரான உன் சின்னச்சாமி மாமா அரசாங்கத்தைத் திட்டாத நாள் இல்லை. நான் திட்டவில்லை. போன தீபாவளிக்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் டொராண்டோவில் காசுள்ளவன் வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டுவிடுகிறான், அதனால் குடியிருக்க வீடு தேடுகிறவனுக்குக் கிடைக்கவில்லை, பூட்டிப் போட்ட வீட்டுக்கு வரி போட்டது ரொம்ப நல்லது என்று அரைமணி நேரம் பேசினாய். அன்றைக்கு உனக்கு மீட்டிங் இல்லை போலிருக்கிறது.

சரி, வரிக்கு வருகிறேன். வரி கட்டாமல் இருக்கச் சின்னச்சாமி ஒரு வழி சொன்னான். மனையில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி சுற்றி முனியாண்டி கோவில் என்று சொல்லிவிடலாமாம். அதற்கு அப்பா, ஏலே, வரி ஏய்க்க முனியாண்டியைக் கூப்பிட்டா அவரு மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான்டா வருவாரு என்று சத்தம் போட்டார். கோவில் வேண்டாம் என்றால் வீடு என்று சொல்லி, ஐப்பசியில் அவனே ஆள் வைத்து முதல் மனையில் ஒரு தகரக் கொட்டகையைப் போட்டான், உன்னிடமும் போனில் கேட்டுத்தான் செய்தேன் என்கிறான். அளந்து பார்க்க வந்த பேரூராட்சி ஊழியர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, இதுல யாரு ஆத்தா குடியிருக்காக, கோழியா என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. சின்னச்சாமி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இப்போது உன் அக்கா விஷயம். பவானி குடியிருந்த வீட்டுக்காரர் தன் மகனுக்குத் தையில் கல்யாணம் வைத்துவிட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. உன் மச்சான் சுருளி விடிவதற்கு முன்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வீடு வருகிறார். அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் கோம்பையில் ஒரு சந்து விடாமல் வீடு தேடினார். தோதான வாடகைக்கு ஒன்றும் அமையவில்லை. கையில் இருப்பதைப் போட்டு ஒரு மனை வாங்கலாம் என்று சின்னச்சாமியிடம் போனால் அவன் என்ன சொன்னான் தெரியுமா? மாப்ள பாண்டியராஜனே இந்த வெலைக்குக் கொறைய மாட்டேங்கிறான், மத்தவுக எப்படிக் கொறைப்பாக என்றானாம். உன் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து வந்துவிட்டார். என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன், மாமனார் வீட்டில் வந்து உட்கார மாட்டேன் என்று ஒரே வீம்பு. கடைசியில் பவானி அந்தத் தகரக் கொட்டகைக்குள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுபடி வந்த ஊழியர் அடுப்பு எரிவதைப் பார்த்து எழுதிக்கொண்டே, சொந்த இடமா என்று கேட்டார். தம்பி எடம், வாடகைக்கு இருக்கோம் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தம்பி இடம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாடகை என்ற சொல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

போன புதன்கிழமை பவானி மகள், நம் தேவயானி, பெரிய பிள்ளையாகிவிட்டாள். அந்தக் கொட்டகையில்தான். பிள்ளை ஒதுங்கி இருக்கத் தாய்மாமன் ஓலை வெட்டிக் குச்சு கட்ட வேண்டும், நீ ஏழு கடல் தாண்டி இருக்கிறாய், என்ன செய்வது? அப்பாவே முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தென்னங்கீற்று கொண்டுவந்து கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கினார். பார்க்க வந்த பக்கத்துத் தெரு சங்கிலியம்மாள், தாய்மாமன் வெவரமான ஆளுதான், புள்ள ஆளாகுமுன்னயே தகரத்துல குச்சு கட்டி வச்சுட்டாக என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பவானியும் சிரித்தாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது, எழுதாமல் என்ன செய்ய?

மாமன் சீராக நீ தங்கச் சங்கிலி போடுவாய், தெரியும். சங்கிலி வேண்டாமடா. அந்த நாலில் ஒரு மனையை, நீ வாங்கின விலைக்கே அக்கா பெயருக்கு எழுதிக் கொடு. இனாமாகக் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள், அவளுக்கும் உன்னைப் போலத்தான் ரோஷம். மிச்ச மூன்றையும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், விலை ஏறும் வரைக்கும் வரியைக் கட்டிக்கொண்டே இரு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல், பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறந்துவிடாதே. சடங்குக்குப் பங்குனியில் நாள் பார்த்திருக்கிறது, லீவு இப்போதே கேட்டு வை. தாய்மாமன் வந்துதான் குச்சைப் பிரிக்க வேண்டும். பிரித்ததும் பிள்ளையைக் குளிப்பாட்டி, ஆரத்தி சுற்றி, வீட்டுக்குள் அழைக்க வேண்டும். எந்த வீட்டுக்குள்ளம்மா கூப்பிட என்று பவானி நேற்று என்னைக் கேட்டாள். நீயே யோசித்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
முருகம்மாள்